வகுப்பு வாசலில் நின்று ஏசாதே

அன்பு முருகேசா,

உன் மேல் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம். போன வியாழக்கிழமை பாளையங்கோட்டையில் உன் பள்ளிக்கூடத்துக்கு என்னை அழைத்துப் போனாய். வாசலில் 'முதல்வர்' என்று உன் பெயர் போட்டிருந்த பலகையைக் காட்டினாய். முகம் தெரியும்படி துடைத்து வைத்திருந்த வராந்தாவில் என் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போனாய். பெற்றவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு உன் அறைக்குள் உட்காரவைத்து, சுவரில் இருந்த பெரிய திரையைப் போட்டாய். கட்டம் கட்டமாக எல்லா வகுப்புகளும் அதில் தெரிந்தன. "பாருங்கம்மா, இங்கன உக்காந்துக்கிட்டே அத்தன வகுப்பையும் பாத்திருவேன். எவரு பாடம் நடத்துதாரு, எவரு சும்மா நிக்காருன்னு உடனே தெரிஞ்சிரும்" என்றாய். ஒரு கட்டத்தில் எட்டாம் வகுப்பு. மெலிந்த ஆசிரியர் ஒருவர் பலகையில் ஒரு வரி எழுதினார், தலையைத் தூக்கிக் காமிராவைப் பார்த்தார். இன்னொரு வரி எழுதினார், மறுபடியும் தலையைத் தூக்கினார். கடைசி பெஞ்சில் ஒரு பையன் அவரைப் போலவே காற்றில் எழுதிவிட்டு அண்ணாந்து பார்த்துக் காட்ட, பக்கத்தில் இருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். "பாத்தீங்களாம்மா? கிளாஸ் கன்ட்ரோலே கிடையாது" என்று நீ அந்த ஆசிரியரைக் குறை சொன்னாய். எனக்கு அவர் மேல் குறை தெரியவில்லை. திரையையும் உன்னையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது மீதியையும் சொன்னாய். அந்த ஆசிரியர் பெயர் இசக்கிமுத்து, அறிவியல் எடுக்கிறார், களக்காட்டுக்காரர். வருகிற திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில், காமிராவில் பதிவான அவருடைய வகுப்பை எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் திரையில் போட்டுக் காட்டப்போவதாகச் சொன்னாய். "நிர்வாகம் சொல்லுதும்மா. ஒருத்தருக்கு நடந்தா மத்தவங்க சுதாரிச்சுக்குவாங்க. அதுவும் ஒரு மோட்டிவேஷன்தான்" என்றாய். நான் கூடாது என்றேன். "உங்க காலம் வேறம்மா" என்று சொல்லிவிட்டு, இலையில் சோறு மிச்சமிருக்கும்போதே எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டாய். போனில் கூப்பிட்டால் எடுக்கமாட்டாய், எடுத்தாலும் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். என் காலம் எப்படி இருந்தது என்று நீ தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும்.

நீ கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது என்னிடமிருந்து தலைமையாசிரியை பொறுப்பைப் பறித்தார்கள். அது உனக்குத் தெரியும். செயலரோடு ஏதோ வாய்த் தகராறு என்றுதான் அப்பா உன்னிடம் சொல்லியிருந்தார். பையன் படிப்பு கெடும், எதையும் விரித்துச் சொல்லாதே என்று என் வாயையும் அடைத்துவிட்டார். அந்தத் தகராறு ஒரு கணக்கு டீச்சருக்காக நடந்தது. பெயர் ஸ்டெல்லா. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து வந்தவள். அவள் அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் சிரித்தால் ஆற்றங்கரைப் பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்கும். சிறிது நாளில் அந்தக் குரல் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவள் பேசினால் முன் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது.

எனக்கு முன்னால் இருந்த தலைமையாசிரியர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நேரத்துக்கு வருவார், யாரிடமும் கை நீட்டமாட்டார். ஆனால் ஆசிரியர்களை விரட்டினால்தான் வேலை நடக்கும் என்று உறுதியாக நம்பினார். ஒருநாள் ஸ்டெல்லாவின் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு வாசலில் வந்து நின்று, "என்ன டீச்சர், இது வகுப்பா சந்தையா? ஒரு நாப்பது பிள்ளையள மேய்க்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று ஏசிவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் ஸ்டெல்லா வகுப்புக்குள் நுழைந்ததும், நடு பெஞ்சிலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் எழுந்து, "டீச்சர், கத்திரிக்கா கிலோ என்ன விலை?" என்று கேட்டாள். அன்றைக்கு வகுப்பு முழுக்கச் சிரித்த சிரிப்பு அடுத்த கட்டடத்தில் இருந்த எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு ஸ்டெல்லா பிள்ளைகளைப் பார்த்துப் பேசவேயில்லை. பலகையைப் பார்த்துப் பேசினாள், பலகையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள், மணி அடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அந்த வகுப்பு நிஜமாகவே சந்தையாகிவிட்டது. தலைமையாசிரியர் அதைப் பார்த்து, தான் சொன்னது சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார். பேச்சியம்மாளை நான் கூப்பிட்டு விசாரித்தபோது அந்தப் பிள்ளை என்ன சொல்லிற்று தெரியுமா? "பெரிய சாரே அப்படித்தான சொன்னாவ?" என்றது. அவள் கேட்டதில் என்ன தப்பு? டீச்சரை எப்படி நடத்தலாம் என்று பள்ளிக்கூடத்துப் பெரியவர் காட்டிக்கொடுத்தார், பிள்ளை கற்றுக்கொண்டது.

அவர் ஓய்வு பெற்றதும் பணிமூப்பில் நான் பொறுப்புத் தலைமையாசிரியை ஆனேன். முதல் வாரமே ஸ்டெல்லாவை ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். என் அறைக்குக் கூப்பிட்டால் பயந்துவிடுவாள். சோடியம் துண்டும் சுண்ணாம்புத் தண்ணீருமாக இருந்த மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தோம். "உங்களுக்கு என்ன வேணும் டீச்சர், சொல்லுங்க" என்றேன். "என்னைய அந்த வகுப்புலருந்து மாத்திருங்க டீச்சர். ஆறாங்கிளாஸ் கூடக் குடுங்க. அந்தப் பிள்ளையளு என்னைய ஒரு டீச்சராவே நெனைக்கல" என்றாள். "மாத்துனா அங்கனயும் இதே கததான் வரும். அது போட்டும், அந்த வகுப்ப நீங்களே வச்சுக்கிடணும்னா நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். "யாரும் வாசல்ல வந்து நின்னு ஏசாம இருந்தாப் போதும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், முருகேசா. பட்டமா கேட்டாள், பதக்கமா கேட்டாள்?

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதே மேசையில் வைத்து இன்னொன்றும் சொன்னேன். "நீங்க பலகையப் பாத்துப் பேசுதிய. இனி பிள்ளையளப் பாத்துப் பேசணும். உங்க கிட்ட எனக்குக் குறை தெரிஞ்சா இப்படிக் கதவ அடைச்சுக்கிட்டுச் சொல்லுவேன். வெளிய ஒருநாளும் சொல்லமாட்டேன்." நான் ஆசிரியர்களைக் கொஞ்சினேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எங்கே வைத்துச் சொன்னேன் என்பதில்தான் கவனமாக இருந்தேன். பிறகு கால அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அந்த வகுப்புக்கு விளையாட்டு வகுப்பு முடிந்ததும் கடைசி மணி நேரத்தில் கணக்கு. பிள்ளைகள் வேர்த்து வழிந்து, தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டுவிட்டு வந்து உட்காருகிற நேரம். அந்த நேரத்தில் யாரால் இயற்கணிதம் நடத்த முடியும்? காலையில் அதே வகுப்பில் அறிவியலுக்காக எனக்கிருந்த முதல் மணி நேரத்தை ஸ்டெல்லாவுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கடைசி நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஆசிரியர் அறையில் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களிடமும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கேட்டதில் சில நியாயமாக இருந்தன, செய்துகொடுத்தேன். சில நியாயமில்லை, முடியாது என்றேன். அதற்கும் அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்கிறதற்கே ஆளில்லாமல் இருந்தவர்கள் அவர்கள்.

"உங்க வகுப்புல வந்து நான் ஒருநாள் உக்காரட்டுமா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "இப்ப வேண்டாம் டீச்சர்" என்றாள். தலைமையாசிரியை வரட்டுமா என்று கேட்க, ஒரு டீச்சர் வேண்டாம் என்று சொல்வதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் போகவில்லை. சாரல் முடிந்து, ஐப்பசி மழையும் ஓய்ந்த பிறகு ஒருநாள் காலையில் அவளே வந்து, "இன்னைக்கு வாங்க டீச்சர்" என்று கூப்பிட்டாள். போனேன். அமைதியான வகுப்பு ஒன்றை எதிர்பார்த்துப் போயிருந்தால் ஏமாந்திருப்பேன். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பிடுங்கிப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். பலகை முன்னால் பேச்சியம்மாள் சாக்பீஸோடு நின்று, "டீச்சர், நீங்க போட்ட மூணாவது வரி தப்பு" என்று வாதாடிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி நின்று, "தப்பா? எங்கன தப்புன்னு வந்து காட்டு" என்றாள். பழைய குரல் திரும்பியிருந்தது. பிள்ளைகள் தாங்களாகவே ஒரு சட்டமும் போட்டு வைத்திருந்தார்கள். கணக்கைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். வேறு பேச்சு பேசி அடுத்தவர் கணக்கைக் கெடுத்தால் வெளியே போய்ப் பேசி முடித்துவிட்டு, டீச்சரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே வர வேண்டும். அதைப் பேச்சியம்மாள்தான் கறாராகப் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் செயலரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த நண்பர்களுக்குப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் வகுப்பு பி-யில் சத்தம் கேட்டதும் அவருக்கு மானம் போய்விட்டது. விறுவிறுவென்று போய் வாசலில் நின்றார். அவர் வாயைத் திறக்கிறதற்குள் நான் ஓடிப்போய் நடுவில் நின்றுகொண்டேன்.

"தள்ளுங்க டீச்சர். என்ன நடக்கு இங்கன?"

"பிள்ளையளு கணக்குப் போடுதாங்க அண்ணாச்சி."

"இதுக்குப் பேரு கணக்கா? அந்த டீச்சர வெளிய வரச்சொல்லுங்க. நாலு வார்த்த கேக்கணும்."

"வகுப்பு முடிஞ்ச பெறவு என் அறைக்கு வாங்க. ஸ்டெல்லா டீச்சரும் வருவாங்க. அங்கன வச்சுக் கேளுங்க."

"நான் இந்தப் பள்ளிக்கூடத்துச் செக்ரட்டரி. எனக்கு நீங்க இடம் சொல்லுதியளா?"

"ஆமா அண்ணாச்சி. இந்த வாசல்ல நின்னு ஏசணும்னா என்னைய ஏசுங்க. அவங்கள ஏச விடமாட்டேன்."

நண்பர்கள் முன்னால் அவர் முகம் கறுத்துவிட்டது. அவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார். இரண்டு கால்களும் எனக்கு நடுங்கிக்கொண்டிருந்தன என்பது அவருக்குத் தெரியாது. வகுப்புக்குள் ஒரு சத்தமும் இல்லை. நான் திரும்பிப் பார்க்காமல் என் அறைக்கு நடந்தேன்.

நிர்வாகக் குழு கூடியது. அண்ணாச்சியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஸ்டெல்லா மேல் நடவடிக்கை எடுக்க நான் பரிந்துரைக்க வேண்டும் என்றார்கள். இரண்டும் முடியாது என்றேன். ஆசிரியர்களில் யாரும் எனக்காகக் கொடி பிடித்துக்கொண்டு வரவில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. அந்த வாரமே பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். நான் அறிவியல் டீச்சராகப் பழையபடி ஆறாம் வகுப்புக்குப் போனேன். அன்று மாலை அப்பா என்னிடம், "நீ செஞ்சது சரிதான். கொஞ்சம் பைய செஞ்சிருக்கலாம்லா?" என்றார். "பைய செஞ்சா அந்தப் பிள்ளையளுக்கு எப்படிக் கேக்கும்?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பு பி-யில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியட்டும் என்றுதான் நான் வாசலில் நின்று அதைச் சொன்னேன். எங்கள் டீச்சருக்காக ஒருத்தி நின்றாள் என்று அவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கு அதே இடம் வாய்த்தாலும் அதையேதான் செய்வேன்.

அண்ணாச்சி அதோடு விடவில்லை. ஸ்டெல்லாவைக் கிளப்ப ஒரு காரணம் வேண்டுமென்று, ஒருநாள் காலையில் நேராகப் போய் அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். தடுக்க எனக்கு இப்போது அதிகாரமில்லை. வராந்தாவுக்கு எதிர்ப்பக்கம் என் வகுப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததை ஸ்டெல்லா பிறகு சொன்னாள். பிள்ளைகள் அவரைப் பார்த்து நடிக்கவுமில்லை, அடங்கவுமில்லை. என்றைக்கும்போல் கணக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அண்ணாச்சியின் கைப்பேசி அடித்தது. அவர் உட்கார்ந்தபடியே நெல் லோடு பற்றி உரக்கப் பேச ஆரம்பித்தார். பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, வேற பேச்சுன்னா வெளிய போய்ப் பேசிட்டு வாங்க. எங்க வகுப்புல அதான் சட்டம்" என்றாள். ஸ்டெல்லாவுக்கு உயிரே போய்விட்டதாம். ஆனாலும் பேச்சியம்மாளை உட்காரச் சொல்லவில்லை. அண்ணாச்சி அந்தப் பிள்ளையைப் பார்த்தார், சுற்றியிருந்த மற்றப் பிள்ளைகளைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் கேலியில்லை. எழுந்து வெளியே வந்தார். வராந்தாவில் நின்று அவர் பேசி முடிக்கிறதை நானே என் கண்ணால் பார்த்தேன். முடித்துவிட்டு வகுப்பு வாசலில் நின்றார். ஸ்டெல்லா, "உள்ள வாங்க அண்ணாச்சி" என்றாள். போய் உட்கார்ந்தார். மணி அடிக்கிற வரைக்கும் இருந்தார்.

அதன்பிறகு ஸ்டெல்லாவை அனுப்புகிற பேச்சு எழவில்லை. என் பொறுப்பையும் அவர் திருப்பித் தரவில்லை. ஓய்வு பெறுகிறவரை நான் அறிவியல் டீச்சர்தான். அந்த வகுப்பில் எல்லாரும் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டார்கள் என்று கதை விடமாட்டேன். சிலர் தோற்றார்கள், சத்தமும் குறையவேயில்லை. ஆனால் அந்த வகுப்பை அடக்க ஸ்டெல்லாவுக்குப் பிரம்பு தேவைப்படவில்லை, நானும் தேவைப்படவில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். வியாழக்கிழமை உனக்குப் போன் வந்தபோது நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனேன் அல்லவா? திரையில் பார்த்த இசக்கிமுத்துவைத் தேடித்தான் போனேன். படிக்கட்டுக்குக் கீழே நின்று டப்பாவிலிருந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் அம்மா என்று தெரிந்ததும் டப்பாவை மூடப்போனார். நான் விடவில்லை. காலையில் வேன் இறங்குகிற இடத்தில் அவருக்குக் காவல் வேலை, அது முடிந்தால் சாப்பாட்டு மணி வரைக்கும் மூச்சுவிட ஒரு நேரம் இல்லை. அதைக்கூட அவர் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "முன்னால சோதனையெல்லாம் செஞ்சு காட்டுவேம்மா. மெழுகுதிரி, டம்ளர், பலூன்னு நானே கொண்டுவருவேன். பிள்ளைய குதிச்சிருவாங்க. ஒருநாள் மைக்குல சொல்லிட்டாக, எட்டாம் வகுப்புல என்ன கூத்து நடக்குன்னு. பள்ளிக்கூடம் பூராவும் கேட்டுட்டு. அதுலருந்து செய்யதில்ல. பலகையில எழுதிப் போட்டா அமைதியா இருக்கும், காமிராவுலயும் நல்லாத் தெரியும்" என்றார். மைக்கில் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. அப்படிப் பேசுகிற உன் வாய் எனக்குத் தெரியாதா? "சார்கிட்ட சொல்லிராதீங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார். சொல்லமாட்டேன் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

ஆசிரியர்களுக்கு ஊக்கமே இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை பூராவும் புலம்பினாய். பலூன் வாங்கிக்கொண்டு வந்தவருக்கு ஊக்கமில்லையா? இருந்ததை மைக்கைப் பிடித்து நீதான் அணைத்தாய். பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். இந்த சாரை யாரும் எதுவும் சொல்லலாம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டார்கள். கடைசி பெஞ்சுப் பையன் அண்ணாந்து பார்த்து நடித்தது உன்னிடம் கற்ற பாடம். அந்த வகுப்பு ஏன் அடங்கவில்லை என்று இசக்கிமுத்துவிடம் கேட்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்டுக்கொள். வராந்தாவில் ஒட்டியிருக்கிறாயே, மாதாமாதம் சிறந்த ஆசிரியருக்கு நட்சத்திரம் என்று, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் கையில் ஒரு ஓய்வு நேரத்தைக் கொடு. கதவை அடைத்துவிட்டு எதிரே உட்காரவைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேள். அவரிடம் குறை இருந்தால் அங்கே வைத்துச் சொல். குறை இல்லாத வாத்தியார் உலகத்தில் கிடையாது.

நிர்வாகத்துக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்பாய். அந்த வகுப்புக்கு நான் பொறுப்பு, அவருக்கும் நான் பொறுப்பு, கேட்க வேண்டியதை என்னைக் கேளுங்கள் என்று சொல். உனக்குக் கால் நடுங்கும், நடுங்கட்டும். சொல்லுகிறபோது வாய் நடுங்காமல் பார்த்துக்கொள். அவர்கள் உன் நாற்காலியைப் பிடுங்கலாம். என்னிடமும் பிடுங்கினார்கள், நான் செத்துப்போய்விடவில்லை. பாலைவனத்துக்கா துரத்தப்போகிறார்கள், பாளையங்கோட்டையிலிருந்து வீட்டுக்கு ஒரு பஸ்தானே.

திங்கட்கிழமை அந்தப் படத்தைப் போடாமல், அதற்காக வேலை போய் நீ வந்தாய் என்றால், பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருவேன். தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் நானே நிமிர்ந்து நின்று பதில் சொல்வேன். படத்தைப் போட்டுவிட்டு வந்தாலும் உனக்குச் சோறு போடுவேன், பெற்றுவிட்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறமாட்டேன்.

உன் அம்மா